சின்னவளின் நீள வண்டிகள்

மார்ச் 4, செவ்வாய்

காலை ஷிப்ட். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் பெட்டிகள் ஏற்றிய ஒன்பது சரக்கு ரயில்களை மேலே ஏற்றினேன், எட்டைக் கீழே இறக்கினேன். எல்லாம் ஒற்றைப் பாதையில். ஒரு வண்டி போக வேண்டுமானால் எதிரே வருவது ஏதாவது ஒரு ஸ்டேஷனில் லூப்பில், அதாவது பக்கப் பாதையில், ஒதுங்கி நிற்க வேண்டும். எது எங்கே ஒதுங்குவது என்று கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்து சொல்வதுதான் என் வேலை. துறைமுகத்துக்கும் உள்நாட்டுச் சரக்கு முனையத்துக்கும் நடுவே ஐந்து ஸ்டேஷன், ஐந்து லூப். இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு பதினேழு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன்.

மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்கள். துறைமுகத்தில் புதுக் கப்பல்துறை திறந்ததும் பெட்டிகள் இரண்டு மடங்காகும், இந்தப் பாதை தாங்காது, பெருக்கியே ஆக வேண்டும். அந்தத் திட்டத்துக்குத் தலைமையாக ஓர் இன்ஜினியரைப் போட்டாகிவிட்டது. பெயரைப் படித்ததும் எங்கள் தலைமை கன்ட்ரோலர் – எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்பார், அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே பார்க்கலாம் – என் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுப் பொண்ணுதானே மேடம்?" என்றார்.

என் கொழுந்தன் பெண்டாட்டி. என் ஓரகத்தி. சின்னவள்.

வீட்டில் யாரும் என்னிடம் மூச்சு விடவில்லை. எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

மார்ச் 5

இவரிடம் கேட்டேன். செய்தித்தாளை மடித்துக்கொண்டே, "நீ எப்படி எடுத்துக்குவியோன்னுதான் சொல்லல" என்றார்.

"எப்படி எடுத்துக்குவேன்? சந்தோஷமா எடுத்துக்குவேன்."

"அதான், அந்த மாதிரி சந்தோஷமா எடுத்துக்குவியேன்னுதான்."

மனுஷன் வாயைத் திறப்பது அபூர்வம். திறந்தால் இப்படி.

மார்ச் 16, ஞாயிறு

கொழுந்தனும் அவளும் மாடிக்குக் குடி வந்துவிட்டார்கள். வேலை முடியும்வரை இங்கேதானாம். லாரியிலிருந்து சாமான் இறங்குவதற்குள் அத்தை நாலு முறை மாடிப்படி ஏறி இறங்கிவிட்டார். முட்டி வலிக்கிறது என்று போன வாரம்தான் எனக்கு அரை மணி நேரம் கதை சொன்ன முட்டி அது.

அவள் மாறவே இல்லை. அதே கட்டை முடி, அதே சிரிப்பு. "அக்கா, இனிமே தினம் உங்களைத் தொல்லை பண்ணுவேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "பண்ணும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

மார்ச் 20

முதல் கூட்டம். துறைமுகத்து ஆட்கள், முனையத்து ஆட்கள், எங்கள் மேலதிகாரிகள், எல்லாரும் இருக்கிறார்கள். திட்டத்தைப் பற்றி இரண்டு வரி பேசிவிட்டு, "இந்தப் பாதையைப் பத்தி எங்க அக்காவைவிடத் தெரிஞ்சவங்க யாரும் கிடையாது" என்று என்னைக் கை காட்டினாள். எங்க அக்கா! அத்தனை தலையும் திரும்பிச் சிரித்தது. அவ்வளவு வருஷ சர்வீஸும் ஒரு நொடியில் சொந்தக்காரியாகிவிட்டது.

என்னைத் திட்டியிருந்தால் யாரிடமாவது சொல்லி அழலாம். புகழ்ந்துவிட்டாள் என்று யாரிடம் போய் அழுவது?

மார்ச் 28

திட்டம் இதுதான். இரண்டாவது பாதை போட வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை இரண்டு வண்டிச் சரக்கை ஒரே வண்டியாகக் கோத்து இழுப்பது. நீள வண்டி. அதற்கு லூப்பும் நீளமாக வேண்டும். துறைமுகத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்டேஷனிலும் நாலாவதிலும் இடம் இருக்கிறது, உடனே நீட்டிவிடலாம். மூன்றாவதில் முடியாது: ஒரு பக்கம் கால்வாய்ப் பாலம், இன்னொரு பக்கம் நெடுஞ்சாலை கேட். ஆகவே இரண்டு நீள வண்டிகள் இரண்டிலோ நாலிலோதான் ஒன்றையொன்று தாண்ட வேண்டும். மூன்றில் கூடாது.

சரியான திட்டம். எங்கே தப்பு என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

கூடவே ஒரு புதுக் கன்ட்ரோல் அறையும் கட்டுகிறார்கள். பார்க்கலாம் ஓய்வு பெறப் போகிறார். அந்தப் புது அறைக்கு ஒரு தலைமை கன்ட்ரோலர் வேண்டும். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நான் சொல்லவில்லை, ஆபீஸில் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் அது வேண்டும். எழுதுவதில் என்ன வெட்கம், வேண்டும். ரொம்ப வேண்டும்.

தேர்ந்தெடுப்பது மூன்று பேர். அதில் ஒருத்தி இவள். அந்த நாற்காலிகூட இவள் எடுத்துக் கொடுத்துத்தான் நான் உட்கார வேண்டும்.

ஏப்ரல் 7

காலையில் அடுப்படிக்குப் போனால் அத்தை டப்பாவில் மதியச் சாப்பாடு அடைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கோ என்று ஒரு கணம் – ஒரே கணம் – நினைத்துவிட்டேன்.

"சின்னவ வெயில்ல தண்டவாளத்துல நிக்கறா பாவம். நீ ஏசி ரூம்தானே" என்றார்.

பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்குக் கட்டிக் கொடுக்காத டப்பா. நான் வேலைக்குப் போவதே குடும்பத்துக்கு ஆகாது என்று சொன்ன வாய். இவள் போவது மட்டும் நாட்டுக்குச் சேவை.

ஏப்ரல் 19

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளிடம் குறை தேடுகிறேன். இதுவரை கிடைத்தது: மாடிப்படி விளக்கை அணைப்பதில்லை.

ஏப்ரல் 30

மாடிப்படி விளக்கை இப்போது அணைக்கிறாள்.

மே 3

இரண்டிலும் நாலிலும் லூப் தயார். வருகிற 14ஆம் தேதி வெள்ளோட்டம். அன்று என் ஷிப்ட். பார்க்கலாம் என்னை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறார். "நல்லபடியா ஓட்டிக் காட்டிட்டீங்கன்னா அந்த நாற்காலிக்கு வேற யாரு இருக்கா?" என்றார்.

சின்னவள் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எந்த வண்டி எங்கே ஒதுங்கும், தாமதமானால் என்ன செய்வது. என் மேஜைக்கு எதற்குத் தாள்? "சும்மா, ஒரு பாதுகாப்புக்குத்தான்க்கா" என்றாள். வாங்கி மேஜைக் கண்ணாடிக்கடியில் வைத்தேன். முதல் தடவையாக என் மேஜையில் இன்னொருத்தர் கையெழுத்து.

மே 14

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

துறைமுகத்திலிருந்து ஒரு நீள வண்டி, முனையத்திலிருந்து ஒரு நீள வண்டி. துறைமுக வண்டியின் இன்ஜினில் சின்னவளே ஏறிக்கொண்டாள். முனையத்து வண்டி நாலாவது ஸ்டேஷன் லூப்பில் ஒதுங்கும், அவள் வண்டி நேர்பாதையில் தாண்டிப் போகும். அதுதான் ஏற்பாடு. முனையத்தில் பெரிய மனிதர்கள் எல்லாம் பேண்டு வாத்தியத்தோடு காத்திருந்தார்கள்.

துறைமுகத்தில் கிரேன் மக்கர் பண்ணியது. அவள் வண்டி தாமதமாகக் கிளம்பியது. தாளில் கொட்டை எழுத்தில் இருக்கிறது: தாமதமானால் முனையத்து வண்டி நாலிலேயே காத்திருக்கட்டும். கண் எதிரே இருந்தது. படித்தேன்.

காத்திருப்பதா? என் ஷிப்டில் ஒரு வண்டியை ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா நிறுத்தி வைப்பதா? துறைமுக வண்டி தாமதமானால் கிராசிங்கை, இரண்டும் தாண்டிக்கொள்ளும் இடத்தை, மூன்றாவது ஸ்டேஷனுக்குத் தள்ளுவது எனக்குத் தூக்கத்தில்கூட வரும். எத்தனை நூறு தடவை செய்திருப்பேன். பாருடி, உன் தாளில் இல்லாத வழி இந்தக் கையில் இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நிஜமாகவே சொன்னேன், 'டி' போட்டு.

பென்சிலை எடுத்துக் கோடு போட்டேன். கன்ட்ரோல் வரைபடத்தில் ஒரு வண்டி என்பது ஒரு சாய்ந்த கோடு, அவ்வளவுதான். மேலே போகிற கோடும் கீழே வருகிற கோடும் மூன்றில் கச்சிதமாக வெட்டிக்கொண்டன. இவ்வளவு அழகான கிராசிங் இந்த வருஷம் போடவில்லை என்று எனக்கே தோன்றியது. நாலுக்கு போன் போட்டு வண்டியை விடச் சொன்னேன். அது காலி செய்த இடத்தில் பின்னாலேயே ஒரு சாதாரண வண்டியையும் ஏற்றிவிட்டேன். நேரத்தை மிச்சம் பிடிக்கிறேனாம்.

மூன்றாவது ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டார். "மேடம், ரெண்டும் என் வாசல்ல வந்து நிக்குது. எதை உள்ள விட?"

"துறைமுக வண்டியை லூப்ல வாங்குங்க."

"பாதிதான் பிடிக்கும் மேடம். வால் வெளிய நிக்கும்."

"அப்ப முனையத்து வண்டியை…" என்று ஆரம்பித்தேன். அதுவும் நீள வண்டி.

"நீங்க விட்டதைப் பார்த்து ரெண்டுல ஒண்ணு குட்டை வண்டின்னு நினைச்சுட்டேன்" என்றார் அவர், பாவம்.

வரைபடத்தில் வண்டிக்கு நீளம் கிடையாது. நீளமோ குட்டையோ, அதே ஒரு கோடுதான். இத்தனை வருஷம் எல்லா வண்டியும் ஒரே அளவு என்பதால் அது யாருக்கும் தேவைப்படவில்லை. எனக்கு மட்டும் இன்று காலை தேவைப்பட்டது. நான் அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வண்டியும் மூக்கும் மூக்கும் பார்த்துக்கொண்டு நின்றன. முனையத்து வண்டியைப் பின்னால் தள்ளலாம் என்றால் நாலில் நானே ஏற்றிவிட்ட வண்டி அடைத்துக்கொண்டு நிற்கிறது. பிறகு வயர்லெஸ்ஸில் அவள் குரல்: "அக்கா, பதறாதீங்க. நாங்களே பின்னால ரெண்டுக்குப் போயிடறோம். நீங்க பின்னாடி யாரையும் விடாம பார்த்துக்கங்க." இறங்கி, அந்த ஜல்லியில் வண்டியின் கடைசிவரை நடந்து, கார்டு பக்கத்தில் நின்று கொடி காட்டி, ஊர்ந்து ஊர்ந்து பின்னால் கொண்டுபோனாள். பாதை திறக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. துறைமுகத்தில் பெட்டிகள் மலையாகிவிட்டன. ஒரு கப்பல் பாதிச் சரக்கை ஏற்றாமலே போய்விட்டது. பேண்டு வாத்தியக்காரர்கள் எப்போது வீட்டுக்குப் போனார்களோ தெரியாது.

அவள் குரலில் ஒரு சொட்டுக் கோபம் இல்லை. திட்டியிருக்கலாம். நான் அவளாக இருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

மே 16

அறிக்கை கொடுத்துவிட்டாள். பார்க்கலாம் கதவைச் சாத்திவிட்டுப் படித்துக் காட்டினார். நீள வண்டிகளை வரைபடத்தில் வேறுபடுத்திக் காட்ட ஏற்பாடு செய்யாதது திட்டத் தரப்பின் குறை, கன்ட்ரோலருக்குத் தெளிவான உத்தரவு போய்ச் சேரவில்லை, பொறுப்பு தன்னுடையது என்று எழுதியிருக்கிறாள். கீழே அவள் கையெழுத்து.

"வாயத் திறக்காம இருங்க மேடம். விசாரணையில ஆமான்னு மட்டும் சொல்லுங்க. நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு" என்றார். முதல் தடவையாக அவர் வாயில் 'பார்க்கலாம்' வரவில்லை.

நல்ல பெயரை எடுத்துக்கொண்டாள், மாமியாரை எடுத்துக்கொண்டாள், சரி. என் தப்பைக்கூட அவள் பெயரில் எழுதிக்கொண்டுவிட்டாளே! அதுவாவது என்னுடையது இல்லையா?

மே 18, ஞாயிறு

"அவ நல்லதுக்குத்தானே பண்ணியிருக்கா" என்கிறார் இவர்.

"அதுதான் எனக்கு ஆகல."

"அப்ப என்ன பண்ணப் போறே?"

தெரியவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. அந்த அறையில் அந்த நாற்காலியில் நான். எதிரே அவள் வந்து நிற்கும்போதெல்லாம் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆயுசு முழுக்க ஒரு புன்னகையோடு அவள் அதை எனக்கு ஞாபகப்படுத்தாமலே இருப்பாள்.

மே 22

விசாரணை. "உத்தரவு தெளிவா இல்லைன்னு அறிக்கை சொல்லுது. அப்படித்தானே?" என்றார் எதிரே இருந்த மூன்று அதிகாரிகளில் நடுவில் இருந்தவர்.

"இல்லைங்க. தாள் என் மேஜையில இருந்தது. படிச்சேன். படிச்சுட்டுத்தான் மாத்தினேன்."

"ஏன்?"

"அவங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும்னு காட்டறதுக்கு."

மூன்று பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். சின்னவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கலாம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் உத்தமி என்று இங்கே எழுதிக்கொள்ளப் போவதில்லை. உண்மை பேச வேண்டும் என்று பேசவில்லை. என் தப்பை அவளுக்கு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். பொறாமையில் உண்மையைச் சொன்னவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மே 23

என்னை மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறு உத்தரவு வரும்வரை மூன்றாவது ஸ்டேஷனில் வேலை.

அவளுக்கும் விழுந்தது. பொய்யான அறிக்கை கொடுத்தாள் என்று கண்டனம். திட்டத் தலைமை போயிற்று, தேர்வுக்குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். நான் இதை யோசிக்கவே இல்லை. தாள் தெளிவாக இருந்தது என்று நான் சொன்னால், தெளிவாக இல்லை என்று எழுதியவள் பொய்க்காரி ஆவாள். இது ஒரு குழந்தைக்குத் தெரியும்.

யோசிக்கவே இல்லையா? நிஜமாகவா? சொல்லு.

மாடிப்படியில் மடக்கினாள். அவள் கத்தி நான் கேட்டதில்லை. "உங்களைக் காப்பாத்தணும்னுதானே எழுதினேன்!"

"உன்னை யாரு கேட்டா?"

"நீங்க கேக்க மாட்டீங்க. எதையுமே கேக்க மாட்டீங்க. வந்த நாள்லேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை முகம் பார்த்துப் பேசியிருக்கீங்களா? இந்த வேலைய நான் கேட்டு வாங்கிட்டு வந்தேன், தெரியுமா? வேற துறைமுகம் குடுத்தாங்க. இங்கதான் நீங்க இருக்கீங்கன்னு, உங்ககூட வேலை பார்க்கலாம்னு…"

பாதியில் விட்டுவிட்டு மேலே போய்விட்டாள். கதவு அறைந்தது. கீழே அத்தை, "என்னாச்சு பெரியவளே?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். கண்டனத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். கொஞ்ச நேரம்தான். ஆனால் சந்தோஷம்தான். சே.

ஜூன் 3

மூன்றாவது ஸ்டேஷன் லூப்பையும் நீட்டுவது என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. அன்றைக்கு நடந்ததைப் பார்த்த பிறகு, எவ்வளவு கஷ்டமானாலும் நீட்டியே ஆக வேண்டும் என்கிறார்களாம். கால்வாய்க்கு மேலே, இருக்கிற பாலத்தின் பக்கத்திலேயே இன்னொரு பாலம் போட வேண்டும். அந்த வேலையைப் பார்க்கப் போட்டிருப்பது யாரை? அவளை. தண்டவாளத்தில் ஆட்கள் வேலை செய்ய வேண்டுமானால் வண்டிகளை நிறுத்தி நேரம் வாங்க வேண்டும், எங்கள் பாஷையில் பிளாக். கன்ட்ரோலிடம் பேசி அந்தப் பிளாக்கை வாங்கித் தர வேண்டிய ஆள் நான்.

இரண்டு பேருக்கும் ஒரே தகரக் கொட்டகை.

ஜூன் 4

இரண்டு நாற்காலி. கால் ஆடாத நாற்காலியை அவளுக்குப் போட்டார்கள்.

ஜூன் 19

இப்போதெல்லாம் 'மேடம்' என்கிறாள். "மேடம், மூணு மணி நேரம் வேணும்." "ஒன்றரைதான் கிடைக்கும்." "ஒன்றரையில பள்ளம்கூடத் தோண்ட முடியாது." "அது உன் பாடு." இவ்வளவுதான் பேச்சு. ஆபீஸில் சொந்தம் கொண்டாடாதே என்று மனசுக்குள் எத்தனை தடவை அவளைத் திட்டியிருப்பேன். இப்போது கொண்டாடுவதில்லை. திருப்திதானே?

வேலையாட்கள் அவளிடம் சிரித்துப் பேசுகிறார்கள். என்னைக் கண்டால் ஹெல்மெட்டைச் சரி செய்துகொள்கிறார்கள்.

ஜூலை 11

மழை. தகரத்தில் சத்தம் தாங்கவில்லை. இரண்டு பேரும் பேசாமல் இருப்பதற்கு வசதியாகப் போயிற்று.

ஜூலை 28

அந்த நாற்காலிக்கு ஆள் வந்துவிட்டார். வேறு பாதையிலிருந்து ஒரு மீசைக்காரர். நல்லவர் என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

காலையில் போனில் கேள்விப்பட்டதும் கொட்டகைக்குப் பின்னால் பம்பு வைத்திருக்கும் இடத்தில் போய் நின்று அழுதேன். பம்பு ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்தேன். திரும்பி வந்தால் என் மேஜையில் தேநீர் மூடி வைத்திருந்தது. கால் ஆடும் நாற்காலியில் அவள் உட்கார்ந்து எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் நல்ல நாற்காலியில் உட்கார்ந்து தேநீரைக் குடித்தேன்.

அவள் தேநீர்கூட நன்றாகத்தான் போடுகிறாள். சனியன்.

ஆகஸ்ட் 12

இரும்புப் பாலம் தயாராகக் கரையில் கிடக்கிறது. அதைத் தூக்கி வைக்க ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் வேண்டும். துறைமுகப் பாதையில் ஆறு மணி நேரம்! மீசைக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரிக்கத்தான் செய்தேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "ரெண்டு வருஷம் இங்கயே கிடக்கட்டும்" என்று பேனாவைத் தூக்கிப் போட்டாள்.

வீட்டுக்கு வந்தும் விடவில்லை எனக்கு. சாப்பாட்டு மேஜையில் பழைய வரைபடத்தைப் பரப்பி வைத்து இந்தப் பக்கம் இழுத்தேன், அந்தப் பக்கம் இழுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை எப்படி நகர்த்தினாலும் ஓட்டை விழவில்லை. பிறகு முந்தின நாள் வண்டிகளை எல்லாம் ஜோடி ஜோடியாகக் கோத்துப் பார்த்தேன், இரண்டிலும் நாலிலும் மட்டும் தாண்ட விட்டு. நீள வண்டியாக ஓட்டினால் பாதி எண்ணிக்கைதான். ஞாயிற்றுக்கிழமை சரக்கில் பெரும்பகுதி சனிக்கிழமையே போய்ச் சேர்ந்துவிடுகிறது. காலையில் பாதை வெறிச்சென்று கிடக்கிறது, ஆறு மணி நேரத்துக்கு மேல்.

இதைத்தானே அவள் முதல் கூட்டத்திலிருந்து தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எங்கே கேட்டேன்? அவள் எந்தக் கூட்டத்துக்கு என்ன போட்டுக்கொண்டு வந்தாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். இத்தனை மாதத்தில் முதல் தடவை. கொழுந்தன் திறந்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். வரைபடத்தை அவள் முன்னால் வைத்தேன். பார்த்தாள். கோடுகளை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"இதுல கோடு தடிமனா இருக்கே?"

"நீள வண்டிக்குத் தடிச்ச கோடு. குட்டைக்கு மெல்லிசு. இனிமே அப்படித்தான்."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வரைபடத்தைப் பார்த்து மீசைக்காரர் ஆறு மணி நேரம் கொடுத்துவிட்டார், பாலத்தை வைத்தாயிற்று. சனிக்கிழமை முழுக்க மீசைக்காரர் பக்கத்தில் நின்று அவர் உயிரை வாங்கிவிட்டேன். ஒரு வண்டிகூடப் பிசகவில்லை.

காலையில் கிரேன் பாலத்தைத் தூக்கும்போது காற்று அடித்து ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. ஆட்கள் ஓ என்று கத்தினார்கள். அவள் கரையில் நின்று என்னைப் பார்த்து, "அக்கா, நேரம் இருக்கா?" என்று கத்தினாள்.

"இருக்கு. நான் இருக்கேன். நீ வேலையைப் பாரு!"

இறக்கி, நேராக்கி, மறுபடி தூக்கினார்கள். பாலம் உட்கார்ந்ததும் எல்லாரும் போய் அவள் கையைக் குலுக்கினார்கள். என்னிடம் ஒருத்தரும் வரவில்லை. எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே எரிந்தது. ஆனால் மதியம் அவள் டப்பாவைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளினாள். அத்தை கைச் சமையல். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். மே மாதத்திலிருந்தாம். இத்தனை நாளும் வைராக்கியத்தில் மிச்சப் பாதியை வேலையாட்களுக்குக் கொடுத்திருக்கிறாள்.

அக்டோபர் 6

மறுபடி என் மேஜை. மீசைக்காரரின் கீழே. புது அறை, புது வெளிச்சம், ஜன்னல் இல்லை. மேலதிகாரி கையெழுத்துப் போட்டு உத்தரவே வந்துவிட்டது: நீள வண்டிக்குத் தடித்த கோடு.

நவம்பர் 20

மூன்றாவது ஸ்டேஷனில் இரண்டு நீள வண்டிகள் இன்று ஒன்றையொன்று தாண்டின. அந்த மாஸ்டர் போனில், "மேடம், ரெண்டும் உள்ள வந்துடுச்சு. வாலும் வந்துடுச்சு" என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

டிசம்பர் 14, ஞாயிறு

கிளம்பிவிட்டார்கள். வேறொரு துறைமுகம், மறுபடி திட்டத் தலைமை. கண்டனமெல்லாம் காற்றில் போயிற்று, அவளுக்கு எல்லாமே அப்படித்தான். அத்தை வாசலில் நின்று மூக்கைச் சிந்தினார். நான் அழவில்லை. "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 19

மாடியில் சத்தமே இல்லை. எரிச்சலாக இருக்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

போன் வந்தது. அத்தையிடம் முக்கால் மணி நேரம், என்னிடம் பத்து நிமிஷம். புது ஊர் எப்படி என்று கேட்டேன். ஊரை விட்டுவிட்டு அங்கே இருக்கும் கன்ட்ரோலரைப் பற்றி ஆரம்பித்தாள். ஒரு அம்மாவாம். வாய்க்கு வாய் அந்த அம்மா புகழ்தான். "கிராசிங் போடறதுல கில்லாடிக்கா. நாலு வருஷம்தான் ஆகுது வந்து, ஆனா பென்சில எடுத்தாங்கன்னா அப்படி ஒரு வேகம். உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"எத்தனை லூப் அங்க?"

"ஒன்பது."

"ஒன்பது லூப் இருந்தா யாரு வேணும்னாலும் போடலாம்."

சிரிக்கிறாள். எதற்குச் சிரிப்பு என்று தெரியவில்லை. மதியம் அந்த அம்மாவோடுதான் சாப்பாடாம். சாயங்காலம் அவளோடுதான் பாதையோரம் நடையாம். நாலு வருஷ சர்வீஸ்! அதில் என்ன தெரியும்? அவசரத்தில் எதையாவது பண்ணி இவளை மாட்டிவிட்டால்? இவள் உடனே பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளக் கிளம்பிவிடுவாளே, அந்த அம்மா என்னைப் போல எழுந்து நின்று இல்லை என்று சொல்வாளா?

அந்த அம்மா போட்ட போன வார வரைபடத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். உடனே அனுப்பினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. வயிறு எரிகிறது.

பத்து நாள் லீவு எழுதிக் கொடுக்கப் போகிறேன். இவர், "எங்க?" என்றார். அந்த அம்மாவை நேரில் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்கு வேலை ஓடும் என்றேன். "பார்த்துட்டு வா" என்றார். அத்தை ஏற்கெனவே பெட்டியை எடுத்து வைத்துவிட்டார்.